சோர்ந்துபோன ஊழியத்துக்கு மீண்டும் ஒரு நோக்கம்: போதகர்களுக்கும் சபை ஊழியர்களுக்குமான முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு சபை, ஒன்பதரைக்கு இன்னொன்று, மாலையில் மூன்றாவது என்று, உங்கள் பொறுப்பிலுள்ள சபைகள் அடங்கிய சேகரத்தைச் சுற்றிவந்துவிட்டு, இரவு பைக்கை நிறுத்தும்போது ‘இன்றைக்கு யாருக்காக இத்தனை ஓட்டம்?’ என்ற கேள்வி எழுந்து, அதற்கு விடையாக ஒரு முகமும் நினைவுக்கு வராமல் போகிறதென்றால், இந்த வழிகாட்டி உங்களுக்கு உரியது. ஆராதனை முறைமை மனப்பாடமாக வருகிறது. திருமணம், அடக்க ஆராதனை, கமிட்டிக் கூட்டம், அசனப் பண்டிகை என்னும் சபை விருந்தின் கணக்கு எல்லாம் தடையின்றி நடக்கின்றன. விசுவாசமும் எங்கும் போய்விடவில்லை. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது.

நெல்லைச் சீமையின் கிராமச் சேகரங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்கு இந்த நிலை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நீடித்தது. இதற்கு நம் சபைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, கன்வென்ஷன் என்னும் எழுப்புதல் கூட்டம். நானும் போனேன். அங்கே மூண்ட அனல் அடுத்த சேகரக் கமிட்டி வரைக்கும் தாங்கியது. அதற்கு மேல் தாங்கவில்லை. பெயர் சொல்லிக் குறிப்பிடத்தக்க சில மனிதர்களின் ஒரு சிறு தேவைக்கு வாரந்தோறும் பொறுப்பேற்றுக்கொண்ட பிறகுதான் என் பிரசங்கத்துக்கும் ஜெபத்துக்கும் திசை கிடைத்தது. அந்த வழியை, நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்து, படிப்படியாக இங்கே எழுதுகிறேன். போதகர்களை மனதில் வைத்து எழுதினாலும், உபதேசியார்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஐக்கியங்களின் பொறுப்பாளர்கள், ஓய்வுபெற்ற பிறகு சபைக்கு ஏதாவது செய்ய விரும்புகிறவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தும்.

முதல் படி: எந்தச் சோர்வு என்று பிரித்தறிதல்

சோர்வு எல்லாவற்றையும் ‘ஆவிக்குரிய சோர்வு’ என்ற ஒரே பையில் போட்டுக் கட்டிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு “போதும் கர்த்தாவே” என்ற தீர்க்கதரிசி எலியாவுக்கு முதலில் கிடைத்தது தூக்கமும் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும்தான். அதுவும் இரண்டு முறை. “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” என்ற கேள்வி, அவன் சாப்பிட்டு, நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்து சேர்ந்த பிறகே கேட்கப்படுகிறது. அந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

ஆகவே முதலில் உடலைப் பார்க்க வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், காரணமின்றி அழுகை வருவதும் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுவதுமாக இருந்தால், அது மருத்துவரிடம் சொல்லவேண்டிய நோய். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். போதகர் மனநல மருத்துவரிடம் போவதை விசுவாசக் குறைவாகப் பேசும் சபை மூப்பர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களிடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

அடுத்தது மனக்காயம். எதிர்பாராத இடமாற்றம், திருமண்டலத் (பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட சபைகளின் நிர்வாகம்) தேர்தலில் எந்தப் பக்கம் நின்றாய் என்ற விசாரணை, கணக்கு கேட்டதற்காக வந்த மொட்டைக் கடிதம் ஆகியவை தருகிற சோர்வு, ஓய்வெடுத்தால் தீராது. நம்பத்தக்க ஒருவரிடம், கூடுமானால் உங்கள் சேகரத்துக்கு வெளியே இருப்பவரிடம், நடந்ததை முழுமையாகச் சொல்லி முடிக்க வேண்டும். இந்த இரண்டையும் கழித்துப் பார்த்த பிறகும் எஞ்சி நிற்கும் வெறுமைக்குத்தான் அடுத்து வரும் படிகள்.

இரண்டாம் படி: ஒரு வாரக் குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு வாரம் முழுவதும் எந்த நேரத்தில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். வார இறுதியில் மூன்று அடையாளங்கள் இடுங்கள்: நான் மட்டுமே செய்யக்கூடியது, வேறு ஒருவர் செய்யக்கூடியது, யாருமே செய்யாவிட்டாலும் குறைவு வராதது. என் நோட்டில் மிகுதியான இடத்தைப் பிடித்திருந்தது, கமிட்டி உறுப்பினர்கள் எல்லோரும் வந்து சேரும்வரை நான் காத்திருந்த நேரம். வியாதியஸ்தர் சந்திப்புக்கு அந்த வாரம் முழுவதும் மொத்தமாக ஒரு மணி நேரம்கூடக் கிடைத்திருக்கவில்லை.

காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து ஜனங்களின் வழக்குகளை விசாரித்த மோசேயிடம் அவருடைய மாமனார் எத்திரோ, “நீர் செய்கிற காரியம் நல்லதல்ல” என்று சொல்கிறார். ஊழியக்காரன் மட்டுமல்ல, அவனோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இரண்டாவது அடையாளம் விழுந்த வேலைகளில் இரண்டையாவது அந்த மாதமே வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். மின்கட்டணம், மைக் செட், கிறிஸ்துமஸ் கேரல் பாடுவோருக்கு வேன் ஏற்பாடு ஆகியவை எளிதில் கைமாறும். மூன்றாவது அடையாளம் விழுந்தவற்றை அறிவிப்புச் செய்யாமல் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

மூன்றாம் படி: உங்கள் மண்ணின் பழைய ஊழியத்தைப் படித்தல்

இந்தப் படியைப் பலரும் வீண் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, ஏனென்றால் பழைய ஊழியர்களின் நோக்கமும் பாதிவழியில் மாறியிருக்கிறது என்று தெரிவது பெரிய விடுதலை.

மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1895-இல் இந்தியா வந்த அவர், நெல்லைப் பகுதியில் தமிழ்ப் பெண்கள் குழுவோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்று பிரசங்கிப்பதையே தம் அழைப்பாகக் கொண்டிருந்தார். 1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து வேறு பிள்ளைகள் வந்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுக்கவும் இரவில் விழித்திருக்கவும் ஆள் வேண்டியிருந்ததால், சுற்றுப்பயணங்கள் படிப்படியாக நின்றுபோயின. பிள்ளைகளைக் காத்து வளர்த்த டோனாவூர் ஐக்கியம் அப்படித்தான் உருவாயிற்று. 1931-இல் தவறி விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. அந்த அறையிலிருந்தே எழுதினார், வந்தவர்களுக்கு ஆலோசனை சொன்னார். அதாவது ஒரே வாழ்க்கையில் ஊழியத்தின் வடிவம் இரண்டு முறை மாறியிருக்கிறது. முதல் மாற்றத்துக்குக் காரணம் வாசலில் வந்து நின்ற ஒரு பிள்ளை. இரண்டாவதற்குக் காரணம் ஒத்துழைக்க மறுத்த உடல். எதுவும் அவர் திட்டமிட்டதில்லை.

வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் பாதை வேறு. ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகப் பல ஊர்களுக்குப் பயணம் செய்துவந்தவர், 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனரிச் சங்கம் உருவாக முன்னின்றார். சொந்த மக்களின் காணிக்கையில் நடக்கும் அந்தச் சங்கத்துக்கு ஆள் அனுப்பவேண்டும் என்று பிறரைத் தூண்டிக்கொண்டிருந்தவர், 1909-இல் தாமே பதவியை விட்டு, நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்றார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பேராயர் பதவியைப் பற்றித்தான் நம் மேடைகளில் பேசுகிறோம். முப்பத்தைந்து வயதில் எழுத்துக்கூட்டி இன்னொரு மொழியைப் படித்ததைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

வேலூரில் இன்று மிகப் பெரிய மருத்துவமனையாக இருப்பது, 1900-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியது. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கான பள்ளியை 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கினார். உங்கள் சேகரத்தின் பழைய பதிவேடுகளிலும் இப்படி ஒரு தொடக்கம் இருக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, பழைய கமிட்டிக் குறிப்பேடு, கல்லறைத் தோட்டத்துக் கல்வெட்டு ஆகியவற்றில் ஒரு மாலையைச் செலவிடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் இன்னொன்றும் கண்ணில் படலாம்: எந்தச் சாதியார் எந்த ஓரத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது. நம் முன்னோர் தொடங்கியதில் முடிக்காமல் விட்ட பகுதி அது. அடுத்த படிக்குப் போகும்போது எந்தத் தெருக்களுக்கு நடப்பது என்று அது உங்களுக்குச் சொல்லும்.

நான்காம் படி: நடந்துபோய்க் கேட்டல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான். இடிந்த மதிலைக் கட்ட எருசலேமுக்கு வந்த நெகேமியா உடனே கூட்டம் கூட்டவில்லை. இரவில் சிலரை மட்டும் அழைத்துக்கொண்டு இடிந்த மதிலைச் சுற்றிப் பார்க்கிறான். பர்திமேயு குருடன் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், இயேசு அவனிடம், நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார். தேவை நமக்குத் தெரியும் என்ற எண்ணத்தோடு போகிறவர்கள் போர்வையும் அரிசிப் பையும் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

மூன்று வாரங்களில் முப்பது வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதியாவது உங்கள் சபையைச் சேராத வீடுகளாக இருக்கட்டும். காணிக்கைக் கவர், துண்டுப் பிரதி, கேமரா எதையும் கொண்டுபோக வேண்டாம். பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பகலில் பெரும்பாலான வீடுகளில் பெண்களே இருப்பார்கள், அவர்கள் பேசுவது அவரிடம்தான். கேட்கவேண்டியவை மூன்றே: இந்த மாதம் உங்களுக்கு மிகவும் அலைச்சல் தந்தது எது? அதற்காக யாரிடம் போனீர்கள்? போனதில் என்ன ஆயிற்று? வீட்டுக்குத் திரும்பிய பிறகே எழுதுங்கள்.

என் நடையில் பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ ஆன வீடு, பீடி சுற்றும் ஒரு அம்மாளுடையது. அறுபத்தைந்து வயது இருக்கும். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும். பேசிக்கொண்டே இலையை உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி அறுத்தார். நான் வழக்கம்போல் ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிக்கத் தயாரானேன். எங்கள் பக்கத்தில் போதகரை ‘ஐயர்’ என்பார்கள்.

“ஐயரே, ஜெபம் பண்ணுங்க, வேண்டாங்கல. நாளைக்கு ரேசன் கடைக்கு என்கூட ஒரு நடை வாறீயளா? மிஷின்ல கை விழமாட்டேங்கு. மூணு மாசமா அரிசி வாங்கல.”

கையை நீட்டிக் காட்டினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தன. ஐம்பது ஆண்டுகள் இலையை உருட்டியதில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. மறுநாள் கூடவே போனேன். விரல் விழாதவர்களுக்குக் கருவிழியைப் பதியும் கருவி இருந்தது. அதைக் கேட்டு வாங்கத்தான் அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை, கேட்டபோது ஒருவரும் எடுத்துத் தரவும் இல்லை. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அரிசிப் பையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும்போது, அந்தத் தெருவில் இன்னும் யாருக்கெல்லாம் கை விழுவதில்லை என்று அவரே வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஆறு பெயர்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மறுநாள் காலை எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்து படுத்த இரவு அது.

ஐந்தாம் படி: ஒன்றைத் தேர்ந்துகொள்ளுதல்

முப்பது வீடுகளில் இருபது விதமான தேவைகள் தெரியவரும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ‘சமூகப் பணித் திட்டம்’ எழுதி, பேராயரை அழைத்துத் தொடக்க விழா நடத்தும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மூன்று அளவுகோல்கள் போதும். குறைந்தது ஐந்து வீடுகளில் அது கேட்கப்பட்டிருக்க வேண்டும். பணத்தைவிட நேரமே அதற்கு அதிகம் தேவைப்பட வேண்டும். நீங்கள் ஊரில் இல்லாத வாரத்திலும் அது நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நாங்கள் தேர்ந்தது, சனிக்கிழமை காலை பத்து மணிமுதல் ஒரு மணிவரை தேவாலயத் தாழ்வாரத்தில் ஒரு மேசை. அரசு உதவிகளுக்கு மனு எழுதுவது, தாள்களைச் சரிபார்ப்பது, தேவைப்பட்டால் இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கூடப் போவது ஆகியவையே வேலை. முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. ஆனால் ஆதாரில் ஒரு வயதும் குடும்ப அட்டையில் வேறு வயதும் இருப்பதால் மனு திரும்பிவந்த முதியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை இல்லாத பிள்ளைகள் இருந்தார்கள். முதியவர்களுக்கு வீட்டுக்கே ரேசன் பொருள் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு, அதில் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதும் மேசை வேலையாயிற்று.

சாதிச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவராகிய பட்டியல் சாதியினர் பட்டியல் சாதி உரிமையை இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். இது அநியாயம் என்பது என் கருத்து, சபைகளும் நெடுங்காலமாக அதையே சொல்லிவருகின்றன. ஆனாலும் பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கைக்காக உண்மைக்கு மாறான மனுவை எழுதிக் கொடுத்தால், பின்னாளில் வேலை போகும் ஆபத்து அந்தப் பிள்ளைக்குத்தான்.

உங்கள் ஊரில் கேட்கப்படுவது வேறாக இருக்கலாம். படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் மிகுதியாக இருந்தால், அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே வலிநிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருகிறது. சபையார் செய்யக்கூடியது, அவர்கள் வருவதற்கு இடைப்பட்ட நாட்களில் போய் உட்கார்ந்திருப்பதும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கக் கற்றுக்கொள்வதும் ஆகும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் கேரளம் முழுதும் பரவியது, பயிற்சி பெற்ற அக்கம்பக்கத்தார் இதைச் செய்ததால்தான்.

ஆறாம் படி: உடன் ஆட்களைச் சேர்த்தல்

நான்கு பேர் போதும். அவர்களில் ஒருவர் அலுவலக வேலை தெரிந்த ஓய்வுபெற்றவர், ஒருவர் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த பெண், ஒருவர் கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த வாலிபர் என்று இருந்தால் நல்லது. நான்காமவர், இதுவரை எந்தப் பொறுப்பும் கொடுக்கப்படாதவராக இருக்கட்டும். நான் செய்த பிழை, முதல் மூன்று மாதங்கள் அலமாரிச் சாவியை என் பையிலேயே வைத்திருந்தது. நான் ஒரு மரண வீட்டுக்குப் போன சனிக்கிழமையில், பதினான்கு பேர் வந்து வெயிலில் நின்று திரும்பிப் போனார்கள். சாவியைக் கொடுத்த பிறகே அது சபையின் வேலையாயிற்று.

ஏழாம் படி: பணமும் சட்டமும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிறு செலவுக்குத் தனி நோட்டும் ரசீதுப் புத்தகமும், தொகை வளர்ந்தால் இரண்டு கையெழுத்துள்ள தனி வங்கிக் கணக்கும் வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் நண்பர் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரானால், அவர் அனுப்பும் பணம் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு உட்பட்டது. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் பெறக்கூடாது. பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் எதையும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவுசெய்யாமல் நடத்தக்கூடாது. மாலைப் படிப்பு மட்டும் நடத்தினாலும், எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனி அறையில் இருக்கலாகாது என்ற விதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி கட்டாயம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று உள்ளுக்குள் பேசி முடிப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

உதவியை மதத்தோடு முடிச்சுப்போடாதீர்கள். மேசைக்கு வருகிறவரிடம் ஆராதனைக்கு வரச்சொல்லிக் கேட்பதில்லை என்று நாங்கள் முதல் நாளே தீர்மானித்தோம். இதனால் ஊழியம் வெறும் சமூக சேவையாகிவிட்டது என்று ஒரு மூப்பர் வருத்தப்பட்டார். இயேசு சொன்ன உவமையில், வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு உதவிய சமாரியன் அவனிடம் எதுவும் கேட்டதாக எழுதப்படவில்லை என்று சொன்னேன். அவர் சமாதானமடையவில்லை, ஆனால் அடுத்த மாதம் மேசைக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தார்.

எட்டாம் படி: ஜெபத்தையும் பிரசங்கத்தையும் இதோடு இணைத்தல்

சனிக்கிழமை மேசையில் எழுதிய பெயர்களை அன்று மாலை தனி ஜெபத்தில் வாசியுங்கள். பொது ஆராதனையில் அவர்களுடைய பெயரையோ கஷ்டத்தையோ சொல்லவேண்டாம்; உதவி பெற்றவரைச் சாட்சி சொல்ல நிறுத்தவும் வேண்டாம். ஆனால் விதவையையும் திக்கற்றவனையும் பற்றிய வசனத்தைப் பிரசங்கிக்கும்போது உங்கள் குரல் மாறியிருப்பதைச் சபை கவனிக்கும். மாதம் ஒரு முறை அரைநாள், கைப்பேசி இல்லாமல், தனித்திருங்கள். ஓய்வாக இருக்கும் வேறொரு ஊழியரோடு மாதம் ஒரு முறை பேசி, நோட்டைக் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: ஆறு மாதக் கணக்கும் கைமாற்றமும்

ஆறு மாதம் ஆனதும் நால்வரும் உட்கார்ந்து, எத்தனை மனுக்கள் போயின, எத்தனைக்குப் பலன் கிடைத்தது, யார் திரும்ப வரவே இல்லை என்று பாருங்கள். மூன்றாவது கேள்விதான் அதிகம் கற்றுத்தரும். வராதவர்களின் வீட்டுக்கு ஒரு நடை போய், ஏன் என்று கேளுங்கள். பலன் இல்லாத வேலையை நிறுத்தத் தயங்காதீர்கள்.

போதகருக்கு இடமாற்றம் வரும். அது வரப்போகிறது என்று முதல் நாளிலிருந்தே எண்ணி நடத்துவது நல்லது. கைமாற்றும்போது கொடுக்கவேண்டியவை: பெயர்ப் பட்டியல், நிலுவையில் உள்ள மனுக்களின் நகல்கள், ரசீதுப் புத்தகம், எந்த அலுவலகத்தில் எந்த நாள் போனால் வேலை நடக்கும் என்ற ஒரு பக்கக் குறிப்பு. புதிய போதகரைப் பிரியாவிடைக் கூட்டத்துக்கு முன்பே ஒரு சனிக்கிழமை மேசைக்கு அழைத்துவந்து, நால்வரோடும் உட்காரவையுங்கள். நான் அந்தச் சேகரத்தை விட்டுப் புறப்பட்ட வாரம், பட்டியலில் எழுபத்தொரு பெயர்கள் இருந்தன. பீடி சுற்றும் அம்மாள், தம் தெருவில் புதிதாகக் கை விழாமல் போன இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். புதிய ஐயரிடம் கருவிழிக் கருவியை எப்படிக் கேட்கவேண்டும் என்று அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.